வெள்ளி அடைப்பை மாற்றி 11 நாள் ஆகிறது, பல் கூச்சம் போகவில்லை

வைகைக்கரை (மதுரை)
மார்ச் 4, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலது கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு 2009 இல் வெள்ளி அடைப்பு வைத்திருந்தேன். பதினைந்து வருடத்துக்கும் மேல் ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் கடைசிப் பல்லின் அடைப்பு ஓரத்தில் பெயர்ந்து நாக்கைக் குத்த ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு அடைப்பின் ஓரத்திலும் புதுச் சொத்தை இருக்கிறது, இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள். சரி என்றேன். ஒரே நாளில் இரண்டையும் எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே வைத்து முடித்துவிட்டார்கள். பார்க்க அசல் பல் மாதிரியே இருக்கிறது. அதில் குறையே சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து மரமரப்பு விட்ட பிறகுதான் ஆரம்பித்தது. கடைசிக்கு முந்தின பல்லில் தண்ணீர் பட்டால் சுரீர் என்று காது வரை ஏறுகிறது. ஃப்ரிட்ஜ் தண்ணீர்கூட இல்லை, பானைத் தண்ணீருக்கே இப்படி. காலையில் ஸ்கூட்டரில் போகும்போது வாய் வழியாக மூச்சு இழுத்தாலும் கூசும். ஆனால் நாலைந்து விநாடியில் அடங்கிவிடும்.

கடைசிப் பல் வேறு மாதிரி. அதைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை. கடித்தால்தான் வலி. இட்லி சாப்பிடும்போதுகூட, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்கிற அந்த நொடியில் நங்கென்று ஒன்று. இப்போது எல்லாவற்றையும் இடது பக்கமே மென்று பழகிவிட்டது.

கிளினிக்குக்கு போன் செய்தேன். "புதுசா வச்சா அப்படித்தான் இருக்கும், ஒரு மாசம் பாருங்க" என்றார்கள். காத்திருக்க எனக்குத் தயக்கம் இல்லை. அந்த ஒரு மாதத்தில் உள்ளே நரம்பு கெட்டுப்போய்விடுமோ என்பதுதான் பயம். நாள் முழுக்க வகுப்பில் நின்று பேசுகிற வேலை எனக்கு. இந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எத்தனை நாள் பொறுக்கலாம்? எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?


கரிசல்காடு (கோவில்பட்டி)
மார்ச் 4, இரவு 10.15

எனக்கு மூன்று வாரம் இருந்தது. அப்புறம் எப்போது போனதென்றே தெரியாமல் போய்விட்டது. பயப்படாதீர்கள் டீச்சர்.


பொருநை (திருநெல்வேலி)
மார்ச் 4, இரவு 10.40

கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அந்தப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு படுங்கள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதுதான் பல் வைத்தியம். ஆச்சி காலத்தில் வலிக்கிற பல்லில் புகையிலையைத் திணிப்பார்கள், அதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.


சுண்ணாகம் குமரன் (யாழ்ப்பாணம்)
மார்ச் 5, காலை 6.30

அக்கா, உங்கள் கடைசிப் பல்லின் கதையை வாசித்தபோது என் கதையையே வாசித்தது போல இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். அன்றிரவு சோறு சாப்பிடும்போதே நொந்தது. எல்லாரும் புதுசு, பழகிவிடும் என்று சொன்னார்கள். நானும் இருபது நாள் பொறுத்தேன். பிறகு அந்தப் பல்லுக்கு நேர் மேலே உள்ள பல்லும் நோகத் தொடங்கியது. அப்போதுதான் ஏதோ பிழை என்று விளங்கியது, ஏனென்றால் மேல் பல்லில் யாரும் கையே வைக்கவில்லை.

திரும்பப் போனேன். பல் வைத்தியர் ஒரு மெல்லிய நீலக் கடதாசியைப் பல்லுக்கு நடுவில் வைத்து, தட்டித் தட்டிக் கடிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியில் காட்டினார். மற்றப் பற்களில் மங்கலாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. புது அடைப்பில் மட்டும் அழுத்தமான ஒரு நீலத் திட்டு. அதாவது வாயை மூடினால் எல்லாப் பல்லுக்கும் முன்னால் அந்த ஒரு பல்தான் மேல் பல்லில் போய் இடிக்கிறது. முழுத் தாடையின் பாரமும் அதில்தான். அந்தத் திட்டை உரசி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊசியும் போடவில்லை. இரண்டு நாளில் நோ இல்லாமல் போய்விட்டது.

அந்த இருபது நாளை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்குதில்லை. நீங்கள் நாளைக்கே போங்கள் அக்கா. போனில் கதைக்க வேண்டாம், நேரே போங்கள்.


சொத்தைவேல் (பல் மருத்துவர்)
மார்ச் 5, மதியம் 2.10

நான் 19 வருடமாக ஒரு சிறிய ஊரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வாயைப் பார்க்காமல் இது இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் டீச்சர் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு பல்லுக்கு இரண்டு வேறு வலி என்று பிரித்துச் சொன்னார் பாருங்கள், எங்களுக்கு வேண்டியது அதுதான். பெரும்பாலானவர்கள் வந்து "இந்தப் பக்கம் பூரா வலிக்குது டாக்டர்" என்பார்கள், நாங்கள் ஒவ்வொரு பல்லாகத் தேட வேண்டியிருக்கும்.

முதலில் தண்ணீருக்குக் கூசும் பல். எனாமலுக்கு அடியில் டென்டின் என்று ஒரு அடுக்கு. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. நரம்பை நெருங்க நெருங்க எண்ணிக்கையும் கூடும், குழாயின் வாயும் அகலமாகும். குழாய்களுக்குள் நீர் இருக்கிறது. குளிர் பட்டால் அந்த நீர் சட்டென்று நகரும், நகர்ந்து நரம்பு முனையைச் சுண்டும். அந்தச் சுண்டுதல்தான் நீங்கள் சொல்லும் சுரீர். 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பிரென்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார், இன்றைக்கும் நாங்கள் இதைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

பழைய அடைப்பைத் துளைத்து எடுக்கும்போது பல்லுக்குச் சூடும் அதிர்வும் போகிறது. அடியில் உள்ள சொத்தையைச் சுரண்டும்போது பள்ளம் இன்னும் ஆழமாகிறது. நரம்புக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் மெலிந்துவிடுகிறது. இரண்டாவது தடவை அடைக்கிற பல் முதல் தடவையைவிட அதிகம் கூசுவது இதனால்தான்.

அப்புறம் பல் நிற அடைப்பு வைக்கிற முறை. வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை, உட்புறம் குடைந்து சிக்க வைப்பது. நாள்பட நாள்பட அதன் ஓரத்தில் களிம்பு ஏறி, இருக்கிற இடுக்கை அதுவே அடைத்துக்கொள்ளும். பல் நிற காம்போசிட் அப்படியில்லை. பல்லை அமிலத்தால் தயார் செய்ய வேண்டும், பெரும்பாலும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம், சில விநாடிகள்தான். கழுவி, அளவாக உலர்த்தி, பசை தடவி, மேலே பிசினை வைத்து நீல ஒளி காட்டினால் கெட்டியாகும். கெட்டியாகும்போது அது சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம் பல்லின் சுவர்களை உள்நோக்கி இழுக்கும், இல்லையென்றால் அடியில் பசை விட்டுப்போய் மயிரிழை அளவு இடைவெளி விழும். அதனால்தான் ஆழமான பள்ளத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் ஒளி காட்டுகிறோம். அதிகமாக உலர்த்தினாலும் கூசும், எச்சில் பட்டாலும் ஒட்டாது. பத்து நிமிடம் கூடுதல் பொறுமை வேண்டிய வேலை இது.

இப்படிப் புண்பட்ட நரம்பு பெரும்பாலும் தானே ஆறிவிடும். இரண்டு முதல் நான்கு வாரம் வழக்கம், ஆழமான பள்ளம் என்றால் இன்னும் கொஞ்சம் நாள் ஆகலாம். நாள் கணக்கை விட முக்கியம், வாரத்துக்கு வாரம் குறைகிறதா என்பது. குளிர் போனதும் வலியும் கூடவே போகிறதா என்பது.

கடைசிப் பல் விஷயத்தில் யாழ்ப்பாண நண்பர் சொன்னதுதான் என் எண்ணமும். அது உயரமாக நிற்கலாம். அது காத்திருந்து சரியாகும் சமாசாரம் இல்லை. இடி வாங்க வாங்கப் பல்லைச் சுற்றியுள்ள தசைநார் வீங்கும், நரம்பும் சேர்ந்து அவதிப்படும். நாளைக்கே போய், "கடித்தால் வலிக்கிறது, உயரம் பார்த்துக் கொடுங்கள்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது எப்போது: குளிர் போன பிறகும் வலி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடித்தால். எதுவும் படாமல் தானாக வலித்தால். தூக்கத்திலிருந்து எழுப்பினால். சூட்டுக்கு வலிக்க ஆரம்பித்தால். இதில் எது வந்தாலும் ஒரு மாதம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.


வைகைக்கரை (மதுரை)
மார்ச் 5, மாலை 6.05

டாக்டர், நிதானமாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. நான் கவனித்தவரை சூட்டுக்கு வலி இல்லை, காபி நன்றாகவே குடிக்கிறேன். இரவில் எழுப்பவில்லை. தண்ணீர்க் கூச்சம் முதல் வாரத்தை விடக் கூடவும் இல்லை, குறைந்ததாகவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் நேரே போகிறேன்.

குமரன் தம்பி, உங்கள் நீலக் காகிதக் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் உடனே கிளம்பச் சொல்கிறார்.


பொருநை (திருநெல்வேலி)
மார்ச் 5, இரவு 8.20

டாக்டர், கிராம்பு எண்ணெய் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அது தவறா?


சொத்தைவேல் (பல் மருத்துவர்)
மார்ச் 5, இரவு 9.45

தவறு என்று சொல்லவே மாட்டேன். கிராம்பில் உள்ள யூஜினால் உண்மையிலேயே நரம்பை மரக்கச் செய்கிறது. எங்கள் அறைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வரும் இல்லையா, அது இதேதான். துத்தநாக ஆக்சைடு பொடியில் யூஜினாலைக் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைப்பது பல் மருத்துவத்தில் வெகுகாலப் பழக்கம்.

ஆனால் டீச்சருக்கு இப்போது அது பயன்படாது. கூசுகிற இடம் மூடிய அடைப்புக்கு அடியில் இருக்கிறது, எண்ணெய் அங்கே போய்ச் சேராது. மேலும், கலக்காத எண்ணெயை இரவு முழுக்க வைத்துக்கொண்டால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோகும். வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி மாத்திரையைப் பல்லோரம் அடக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். மாத்திரை விழுங்குவதற்கு. உப்புத் தண்ணீர் தாராளமாகக் கொப்பளிக்கலாம், ஈறுக்கு நல்லது.


முத்துநகர் (தூத்துக்குடி)
மார்ச் 6, காலை 7.15

ஒரு மாதம் பொறுங்கள் என்பதைப் பற்றி என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். யாரையும் பயமுறுத்த இல்லை.

அம்மாவுக்குப் போன வருடம் மேல்பல்லில் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிது வைத்தோம். முதலில் குளிருக்குக் கூசியது. எல்லோரும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள், நானும் அதையே அம்மாவிடம் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் ரசம் குடிக்கும்போது "சுடுது, சுடுது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் வலி நிற்கிறது என்று கண்டுபிடித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு. இரவில் ஒரு மணிக்கு ஒரு மடக்கு, இரண்டு மணிக்கு ஒரு மடக்கு. காலையில் சொம்பு காலியாக இருக்கும். நான் பக்கத்து அறையில்தான் தூங்கினேன், எனக்குத் தெரியவில்லை. குளிர் பட்டால் வலி தணிகிறதே, அப்படியானால் குணமாகிறது போல என்று அம்மா நினைத்திருக்கிறார்.

மருந்துக் கடையில் கேட்டு ஐந்து நாள் ஆண்டிபயாடிக் வேறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நரம்பு செத்துக்கொண்டிருந்திருக்கிறது. ரூட் கேனல் செய்து, கேப் போட்டோம். அந்தப் பல் இப்போது நன்றாக இருக்கிறது. அந்த இரவுகள்தான் எனக்கு ஆறவில்லை.

சூடு வலியைக் கிளப்பி, குளிர் தணித்தால் நிற்காமல் ஓடுங்கள். அம்மா அப்பா யாராவது பல் அடைத்துக்கொண்டு வந்தால், வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், தூங்கினீர்களா என்றும் கேளுங்கள்.


சொத்தைவேல் (பல் மருத்துவர்)
மார்ச் 6, மதியம் 1.30

முத்துநகர், நீங்கள் எழுதியது பாடப்புத்தகத்தில் இருக்கிற அடையாளம். நரம்பு மீள முடியாத நிலைக்குப் போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சைகை இல்லை. உங்கள் மேல் குற்றமில்லை. ஏற்கெனவே ஆழமாகச் சொத்தை போன பல்லில், வேலை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகும். அடைப்பு வைப்பதற்கு முன்பே அந்த வாய்ப்பைச் சொல்லி வைப்பது எங்கள் கடமை.

ஆண்டிபயாடிக் பற்றி: கூச்சத்துக்கும் சரி, வீக்கமில்லாத நரம்பு வலிக்கும் சரி, அது ஒன்றும் செய்யாது. தயவுசெய்து மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.


மேகமலை (தேனி)
மார்ச் 6, இரவு 9.00

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வாயில் ஆறு வெள்ளி அடைப்பு இருக்கிறது, ஒன்றிலும் வலி இல்லை. ஆனால் அதில் பாதரசம் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று உறவினர் ஒருவர் விடாமல் சொல்கிறார். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு விவகாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரன் நான். 2001 இல் அதை மூடினார்கள், அந்த மண்ணையும் காட்டையும் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. அதனால் பாதரசம் என்ற சொல்லே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மாற்றிவிடலாமா? இந்த இழையைப் படித்த பிறகு மாற்றவும் பயமாக இருக்கிறது.


சொத்தைவேல் (பல் மருத்துவர்)
மார்ச் 6, இரவு 10.20

உங்கள் பயம் புரிகிறது. கொடைக்கானலில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வெள்ளி அடைப்பின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம்தான், மறைக்க ஒன்றுமில்லை. மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஆனால் அது உலோகக் கலவையாக இறுகி நிற்கிறது. மெல்லும்போது மிகச் சிறிய அளவில் ஆவி வரும். அதிகமாக வருவது வைக்கும்போதும், துளைத்து எடுக்கும்போதும். நன்றாக இருக்கிற அடைப்பைப் பயத்தால் எடுக்கப் போனால், எதற்குப் பயந்தீர்களோ அதையே ஒரே நாளில் கூடுதலாகச் சுவாசிக்கிறீர்கள். கூடவே நல்ல பல்லையும் கொஞ்சம் இழக்கிறீர்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 இல் கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக இந்த அடைப்பை வைப்பதைத் தவிர்க்கச் சொன்னது. நல்ல நிலையில் இருப்பதை எடுக்க வேண்டாம் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, இதை நிறுத்திவிட்டது. அங்கே பெரிய காரணம் சுற்றுச்சூழல்: கழிவுநீரிலும் சுடுகாட்டுப் புகையிலும் போகும் பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையை இந்தியாவும் 2018 இல் ஏற்றுக்கொண்டது, அதன்படி இந்த அடைப்பின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். குறையட்டும், நல்லதுதான். ஆனால் உங்கள் வாயில் உறுதியாக இருக்கிற ஆறு அடைப்பையும் இதற்காகத் தோண்ட வேண்டாம். உடைந்தால், ஓரத்தில் சொத்தை வந்தால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றும்போது நிறையத் தண்ணீர் அடித்து, உறிஞ்சியைப் பக்கத்திலேயே வைத்து, பொடியாக அரைக்காமல் துண்டு துண்டாக எடுக்கச் சொல்லுங்கள்.


மேகமலை (தேனி)
மார்ச் 6, இரவு 10.50

நன்றி டாக்டர். உறவினருக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன்.


வைகைக்கரை (மதுரை)
மார்ச் 7, இரவு 9.30

இன்று போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

உள்ளே போனதும், குமரன் தம்பியும் டாக்டரும் சொன்னபடி, "தண்ணீருக்குக் கூசுவது ஒரு பல், கடித்தால் வலிப்பது வேறு பல்" என்று பிரித்துச் சொன்னேன். மருத்துவர் உடனே நாற்காலியை நிமிர்த்தினார். "படுத்துக்கிட்டு கடிக்கறதும் உட்கார்ந்து கடிக்கறதும் ஒண்ணு இல்லைங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அன்றைக்கு நான் படுத்த வாக்கில், பாதி முகம் மரத்திருக்கும்போது கடித்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறேன். மரத்த வாய்க்கு எது உயரம், எது பள்ளம் என்று எப்படித் தெரியும்?

நீலக் காகிதத்தை வைத்துக் கடித்தேன், பக்கவாட்டில் அரைத்தும் காட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் கடைசிப் பல்லின் பின்பக்க மேட்டில் உளுந்து அளவு ஒரு நீல வட்டம். அதன் நடுவில் மட்டும் சாயம் ஒட்டாமல் வெளேரென்று ஒரு புள்ளி. "அழுத்தம் அதிகமா விழுற இடத்துல மை நடுவுல நிக்காது, சுத்தி ஒதுங்கிடும்" என்றார். மூன்று தடவை உரசினார், மூன்று தடவை காகிதம் வைத்தார். மூன்றாவது தடவை எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி மங்கலான பொட்டுகள். வாயை மூடியபோது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தன. பதினான்கு நாளாக என் வாய் கோணலாக மூடிக்கொண்டிருந்தது என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. காசு வாங்கவில்லை.

தண்ணீர்க் கூச்சப் பல்லுக்குக் குளிர்ந்த பஞ்சுத் துணுக்கை வைத்துப் பார்த்தார். வலி வந்து ஐந்தாறு விநாடியில் போனது. கம்பியால் தட்டிப் பார்த்தார், வலி இல்லை. நரம்பு உயிரோடு இருக்கிறது, கோபத்தில் இருக்கிறது என்றார். இன்னும் ஒரு மாதம் கூச்சத்துக்கான பற்பசை போடுங்கள், குறையாவிட்டால் இதை எடுத்துவிட்டுக் கண்ணாடி அயனோமர் என்ற வேறு வகை அடைப்பை வைத்துக் கொஞ்ச நாள் ஆறவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.


சுண்ணாகம் குமரன் (யாழ்ப்பாணம்)
மார்ச் 7, இரவு 10.05

வாசிக்கச் சந்தோசமாக இருக்குது அக்கா. நாளைக்கு வலது பக்கத்தால் சாப்பிட்டுப் பாருங்கள்.


சிராங்கூன் வாசகி (சிங்கப்பூர்)
மார்ச் 8, காலை 11.20

பற்பசை விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். கூச்சத்துக்கான பசையை வாங்கி மூன்று நாள் துலக்கினேன். கூச்சம் போகவில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு பல் மருத்துவர் சொன்னார், அது வலி மாத்திரை மாதிரி அன்றே வேலை செய்யாது, தினமும் இரண்டு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம் போட வேண்டும் என்று. இன்னொன்று, நான் துலக்கியதும் நாலு தடவை வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பேன். போட்ட மருந்தெல்லாம் தொட்டியில் போய்விடும். இப்போது துப்புவதோடு சரி. இரவு படுக்கும் முன் பட்டாணி அளவு எடுத்து விரலால் ஈறோரம் தடவிவிட்டுப் படுக்கிறேன்.


சொத்தைவேல் (பல் மருத்துவர்)
மார்ச் 8, மதியம் 2.40

மிகச் சரி. இந்தப் பசைகளில் பலவற்றில் இருப்பது 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட். நம் ஊரில் வெடியுப்பு என்பார்களே, அதே பொருள்தான். அது நுண்குழாய் வழியாகப் போய் நரம்பு முனையின் துடிப்பைத் தணிக்கிறது. வேறு சில பசைகள் குழாயின் வாயையே அடைக்கின்றன, ஸ்டேனஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினைன் போன்றவை. அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். கடையில் வெடியுப்பு வாங்கிப் பல்லில் தேய்க்கலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடைப்பின் ஓரமும் பல்லின் கழுத்தும் திறந்திருந்தால்தான் பசைக்கு முழுப் பலன். கூச்சம் அடைப்புக்கு நேர் அடியிலிருந்து வருகிறது என்றால் பசை பாதிதான் உதவும், மீதியைக் காலம்தான் செய்ய வேண்டும்.

எலுமிச்சை ஜூஸ், குளிர்பானம் குடித்தவுடன் துலக்காதீர்கள், ஒரு அரை மணி நேரம் விடுங்கள். சாம்பலும் செங்கல் பொடியும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவை எனாமலை அரைத்துவிடும்.


கொங்குச்சீமை (ஈரோடு)
மார்ச் 9, இரவு 8.00

எனக்குக் கடித்தால் வலி இல்லை, கடித்து விடும்போது வலி. சீடை கடித்த நாளிலிருந்து. உயரம் இரண்டு முறை சரிபார்த்தும் போகவில்லை. கடைசியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டைப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் வைத்துக் கடித்து விடச் சொன்னார்கள். ஒரு முனையில் மட்டும் உயிர் போகிற வலி. பெரிய பழைய அடைப்பு இருந்த பல், ஓரத்தில் விரிசல். எக்ஸ்ரேயில் தெரியவே இல்லை. கேப் போட்ட பிறகு நின்றது. விடும்போது வலிப்பவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.


வைகைக்கரை (மதுரை)
ஏப்ரல் 17, மாலை 7.10

இடையில் பரீட்சை வேலை, எழுத முடியவில்லை. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

உயரம் குறைத்த மூன்றாம் நாள் கடைசிப் பல்லில் வலி இல்லை. ஒரு வாரம் கழித்து வலது பக்கத்தில் முறுக்கே கடித்தேன்.

தண்ணீர்க் கூச்சம்தான் மெதுவாகப் போனது. ஒரு சிறு நோட்டில் தினமும் இரவு ஒரு வரி எழுதி வந்தேன்: எதற்குக் கூசியது, எத்தனை விநாடி. மார்ச் 10 வாக்கில் "பானைத் தண்ணீர், 5". மார்ச் 22 இல் "பானைத் தண்ணீர், 2". அதற்கு அடுத்த வாரம் பானைத் தண்ணீர் என்ற சொல்லே நோட்டில் இல்லை, ஃப்ரிட்ஜ் தண்ணீர் மட்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருநாள் ஏசி அறையில் கூசியது, மனம் சோர்ந்துவிட்டது. மறுநாள் இல்லை. நாள்தோறும் பார்த்தால் குறைந்த மாதிரியே இருக்காது, பக்கத்தைப் புரட்டினால்தான் தெரிகிறது. அடைப்பை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன், படித்துவிட்டு அடுத்த ஆறு மாதத்துக்கு வர வேண்டாம் என்றார்.

நேற்று விளக்குத்தூண் பக்கம் போனபோது ஒரு ஜிகர்தண்டா வாங்கினேன். முதல் மடக்கை வேண்டுமென்றே வலது பக்கம் ஒதுக்கினேன். சிலீர் என்று இருந்தது, அந்தக் குளிர்ச்சிதான், வலி இல்லை. டம்ளர் காலியாகும் வரை அந்தப் பக்கமே குடித்தேன்.


புதுவரவு (விழுப்புரம்)
ஏப்ரல் 18, இரவு 11.45

இழை முழுவதும் படித்தேன். எனக்கு நான்கு நாள் முன்பு பழைய அடைப்பை மாற்றினார்கள். இன்று ரொம்ப வலி. இப்போதைக்கு என்ன செய்யலாம்?


வைகைக்கரை (மதுரை)
ஏப்ரல் 18, இரவு 11.58

தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள். வலி தண்ணீருக்கா, கடித்தாலா, இரண்டுக்குமா? குளிர் போன பிறகு எத்தனை விநாடி நிற்கிறது? காபி குடித்தால் எப்படி இருக்கிறது? இந்த நேரத்தில் விழித்திருக்கிறீர்களே, வலிதான் எழுப்பியதா?